ஹார்வர்டுக்கு கட்-ஆஃப் கிடையாது

பன்னிரண்டாம் வகுப்பில் 97 சதவீதம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1,600க்கு 1,540. மாநில அளவில் ஒரு சதுரங்கப் பதக்கம், பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவுக்குத் தலைமை. "இதற்கு ஹார்வர்டு கிடைக்குமா?"

ஆகஸ்ட் பிறந்தால் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. கேட்பவர் எதிர்பார்ப்பது ஓர் எண்ணை. இருபது சதவீதம், நாற்பது சதவீதம் என்று யாராவது சொல்லிவிட்டால் மனம் கொஞ்சம் ஆறும். அப்படிச் சொல்வதற்கென்றே கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் உண்டு. மதிப்பெண்ணைத் தட்டினால் விழுக்காடு காட்டும் இணையக் கணிப்பான்களும் உண்டு. அந்த எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

எண்ணைக் கேட்பதில் குற்றம் இல்லை. நம்மைப் பழக்கிய முறை அப்படி. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வை ரத்து செய்யும் சட்டம் 2006இல் வந்தது. அன்று முதல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக மொத்தம் 200 என்ற ஒரே கணக்குதான். போன ஆண்டு கிண்டியில் கணினி அறிவியலுக்கு எந்தப் பிரிவில் எந்த மதிப்பெண்ணோடு இடங்கள் முடிந்தன என்பது கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, இடஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாகக் கிடைக்கிறது. ஐ.ஐ.டி.க்கும் இப்படித்தான், தொடக்கத் தரவரிசை, இறுதித் தரவரிசை என்று அட்டவணையே வெளியாகிறது. மதிப்பெண் தெரிந்த மறுநாளே, எட்டாம் வகுப்புத் தம்பிகூட அண்ணனுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவான்.

அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இப்படியொரு தரவரிசைப் பட்டியல் எந்தக் கட்டத்திலும் தயாரிக்கப்படுவதில்லை. இருக்கும் பட்டியலை மறைக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஒன்று இல்லவே இல்லை. நமக்குக் கிடைப்பது "சேர்க்கை விகிதம்" என்று செய்தியில் வரும் 3 சதவீதம், 4 சதவீதம் போன்ற ஒற்றை எண் மட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் வாய்ப்பை எடை போடுவதில்தான் பெரும்பாலான கணக்குகள் தடம் புரள்கின்றன. அது பல வரிசைகளைக் கலந்து எடுத்த சராசரி. நாம் நிற்கும் வரிசையின் விகிதம் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம்.

நீதிமன்றத்தில் திறந்த கோப்பு

ஹார்வர்டு எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டிய தேவை இப்போது பெரும்பாலும் இல்லை. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குப் பாரபட்சம் காட்டப்படுகிறது என்று 2014இல் அதன்மீது ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 2018 அக்டோபரில் பாஸ்டன் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி அலிசன் பரோஸ் முன் மூன்று வாரம் விசாரணை நடந்தது. வேண்டுமென்றே பாரபட்சம் காட்டியதற்குச் சான்று இல்லை என்று அவர் 2019இல் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் 2023 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையையே செல்லாது என்று அறிவித்தது. அரசியலை விட்டுவிடுவோம். விண்ணப்பிக்கும் மாணவருக்கு இந்த வழக்கு தந்த கொடை வேறு: பல்கலைக்கழகம் பல்லாண்டுகள் பூட்டி வைத்திருந்த நடைமுறைகளும் புள்ளிவிவரங்களும் சாட்சிக் கூண்டுக்கு வந்தன.

அவற்றில் ஓர் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். 2015இல் சேர்வதற்காக விண்ணப்பித்தவர்களில் சுமார் 26,000 பேர் உள்நாட்டு மாணவர்கள். அவர்களில் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சுமார் 3,500 பேர். ஆங்கிலப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் சுமார் 2,700 பேர். பள்ளி மதிப்பெண் சராசரியில் குறையே இல்லாதவர்கள் 8,000 பேருக்கும் மேல். வகுப்பில் உள்ள இடங்களோ 1,700ஐத் தாண்டாது. முழு மதிப்பெண்காரர்களை மட்டும் எடுத்தாலும் வகுப்பை நான்கைந்து முறை நிரப்பிவிடலாம். இந்த இடத்தில் மதிப்பெண் செய்யும் வேலை முடிந்துபோகிறது. அது ஒருவரைப் பரிசீலனைக்கு உரியவராக்குகிறது. பக்கத்தில் நிற்பவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

விண்ணப்பக் கோப்பை முதலில் படிப்பவர், அந்த நிலப்பகுதிக்குப் பொறுப்பான அலுவலர். கல்வி, பாடத்துக்கு வெளியிலான ஈடுபாடு, விளையாட்டு, பள்ளியின் பரிந்துரை, ஆளுமை, ஒட்டுமொத்தம் என்று ஆறு தலைப்புகளில் 1 முதல் 6 வரை மதிப்பிடுகிறார். 1 என்பதே உச்சம். கல்வியில் 2 வாங்குபவர்கள் மொத்த விண்ணப்பதாரர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் என்பது விசாரணையில் தெரியவந்தது. மேலே சொன்ன 97 சதவீதம், 1,540 மாணவர் அநேகமாக இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார். கல்வியில் 1 வாங்குபவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதற்கு மதிப்பெண் போதாது. அந்த வயதிலேயே அசலான அறிவுப்பணி செய்ததற்கான அடையாளம் வேண்டும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பயிற்சி முகாம்களைக் கடந்து சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்குப் போகிறவரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். மாநில அளவிலான பதக்கம் நம் ஊரில் சுவரொட்டிக்குரிய சாதனை. அந்த மேசையிலோ, அதேபோன்ற பதக்கத்தோடு ஐம்பது மாநிலங்களிலிருந்தும் நூறு நாடுகளிலிருந்தும் கோப்புகள் வந்து கிடக்கும்.

"ஒட்டுமொத்தம்" என்ற ஆறாவது எண் மற்ற ஐந்தையும் கூட்டி வகுத்து வருவது அல்ல. படித்தவர் மனத்தில் பட்டதைப் போடுகிறார். அதன்பின் நிலப்பகுதி வாரியான துணைக்குழு, அதன்பின் சுமார் நாற்பது பேர் கொண்ட முழுக்குழு. அங்கே பெரும்பான்மை வாக்கு கிடைத்தால்தான் பெயர் தங்கும். அத்தோடும் முடிவதில்லை. கடைசியில், தேர்வானவர்களின் எண்ணிக்கை இடங்களைவிடக் கூடுதலாக நிற்கும்போது, கழிப்பதற்காக ஒரு பட்டியல் போடுகிறார்கள். ஒரு மாணவரைப் பற்றி அதில் நான்கே தகவல்கள் இருந்ததாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது: பெற்றோர் இங்கே படித்தவர்களா, விளையாட்டு வீரராக அழைக்கப்பட்டவரா, நிதியுதவிக்கு உரியவரா, எந்த இனம். கடைசித் தகவலுக்கு இனி இடமில்லை. ஆனால் இதைப் படிக்கும் எவருக்கும் ஒன்று உறைக்க வேண்டும். மாதக்கணக்கில் எழுதித் திருத்திய கட்டுரையும், ஆசிரியர் எழுதிய கடிதமும் அந்தத் தாளில் இல்லை. விளிம்பில் நிற்கும் கோப்பு உள்ளே போகுமா, வெளியே வருமா என்பதை அந்த ஆண்டு அந்தக் கல்லூரிக்கு எது குறைவாக இருந்தது என்பது தீர்மானிக்கிறது. அதை முன்கூட்டிக் கணிக்கும் கருவி யாரிடமும் கிடையாது. சேர்க்கை அலுவலரிடமே மார்ச் வரை கிடையாது.

விகிதம் சுருங்கியது எப்படி

"போட்டி கடுமையாகிவிட்டது, விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது" என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. 2020இல் ஹார்வர்டுக்கு 40,248 பேர் விண்ணப்பித்து 1,980 பேருக்கு இடம் கிடைத்தது, 4.9 சதவீதம். அடுத்த ஆண்டு 57,435 விண்ணப்பங்கள், 1,968 பேருக்கு அனுமதி, 3.4 சதவீதம். பன்னிரண்டே மாதத்தில் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதா? தொற்றுக் காலத்தில் எஸ்.ஏ.டி. மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். "போட்டுத்தான் பார்ப்போமே" என்று பதினேழாயிரம் பேர் கூடுதலாக விண்ணப்பித்தார்கள். 2022இல் விண்ணப்பங்கள் 61,220 வரை போயின. பிறகு தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியதும் 2025 சேர்க்கைக்கு 47,893ஆக இறங்கி, விகிதம் 4.2 சதவீதத்துக்கு ஏறியது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் அனுமதி பெற்றவர்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்தை ஒட்டியே நின்றது. ஏறி இறங்கியது அடியில் உள்ள எண். ஏற்கெனவே வலுவாக இருந்த ஒரு மாணவரின் உண்மையான வாய்ப்பு இந்த ஆண்டுகளில் 4.9க்கும் 3.2க்கும் இடையே ஊசலாடியிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இந்த விகிதத்தைப் பெருமைப் பட்டயமாக ஏந்தும் விளையாட்டு ஸ்டான்ஃபோர்டுக்கே அலுத்துப்போய், 2018இல் அந்த எண்ணை ஆரவாரமாக அறிவிப்பதை நிறுத்திக்கொண்டது.

யார் எந்த வரிசையில்

வழக்கில் வெளிவந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது இதுதான். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் தேடி அழைத்த வீரர்கள், ஹார்வர்டில் படித்தவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களின் வாரிசுகள் உள்ளிட்டோர் இடம்பெறும் தனிப் பட்டியலில் உள்ளவர்கள், அங்கே பணியாற்றும் பேராசிரியர்கள், ஊழியர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினரும் சேர்ந்து விண்ணப்பதாரர்களில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. சேர்க்கப்பட்டவர்களில் அவர்கள் சுமார் முப்பது சதவீதம். அழைக்கப்பட்ட வீரர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர்.

இதைச் சின்ன எண்களாக்கிப் பார்க்கலாம். ஆயிரம் விண்ணப்பங்கள், ஐம்பது இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை விகிதம் 5 சதவீதம். சலுகை வரிசையில் ஐம்பது பேர் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பதினைந்து இடம் போகிறது. மிச்சம் முப்பத்தைந்து இடத்துக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது பேர். அவர்களுடைய விகிதம் 3.7 சதவீதம். செய்தியில் வந்த 5 சதவீதம் அந்த ஆயிரத்தில் ஒருவருக்கும் பொருந்தவில்லை: ஒரு வரிசைக்கு 30, இன்னொரு வரிசைக்கு 3.7.

பணமும் இங்கே பேசுகிறது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக் எனப்படும் (ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற) கல்லூரிகள் எட்டையும் ஸ்டான்ஃபோர்டு, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டது. ஒரே தேர்வு மதிப்பெண் உள்ள நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட, வருமானத்தில் உச்சத்தில் உள்ள ஒரு சதவீதத்தினரின் பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. முன்னாள் மாணவர் சலுகை, விளையாட்டு அழைப்பு, பாடத்துக்கு வெளியிலான மதிப்பீடுகள் ஆகிய மூன்றும் காரணங்கள். நம் ஊரில் இடஒதுக்கீட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் சிலர், "அமெரிக்காவில் எல்லாம் தகுதிதான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஆய்வை அனுப்பிவைக்கலாம்.

சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் இந்த நான்கு வகையிலும் வரமாட்டார். அவர் நிற்பது வெளிநாட்டு மாணவர் வரிசை. அது சலுகையற்ற உள்நாட்டு வரிசையைவிடவும் நெருக்கமானது. மேலே சொன்ன எம்.ஐ.டி.யையே (குரோம்பேட்டைக்காரர்கள் மன்னிக்க) எடுத்துக்கொள்வோம். 2024இல் 28,232 விண்ணப்பங்களுக்கு 1,284 இடம் என்று அது அறிவித்தது, 4.5 சதவீதம். ஆனால் வெளிநாட்டினருக்கு வகுப்பில் ஒரு வரம்பு வைத்திருப்பதை அது மறைப்பதில்லை. இளநிலை வகுப்பில் அவர்கள் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறார்கள். அந்தச் சிறிய பங்குக்கு உலகம் முழுவதும் மோதுவதால் வெளிநாட்டினரின் விகிதம் 2 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கோப்புகளை நிலப்பகுதி வாரியாகப் படிக்கும் கல்லூரிகளில், நம் மாணவரின் கோப்பு அயோவாவில் சோள விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பிள்ளையின் கோப்போடு ஒப்பிடப்படுவதற்கு முன்னால், டெல்லியிலும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருந்து வந்த, ஏறக்குறைய அதே மதிப்பெண்ணும் அதே ரோபோட்டிக்ஸ் குழுவும் உள்ள கோப்புகளோடு ஒப்பிடப்படுகிறது.

எந்தக் கணிப்பானிலும் அடங்காத இன்னொன்றும் உண்டு. 2025 மே மாதம் அமெரிக்க அரசு ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையையே ரத்து செய்தது. மறுநாளே நீதிமன்றம் தடை விதித்தது. தடை விதித்தவர் அதே அலிசன் பரோஸ்.

நவம்பர் மாதக் கவர்ச்சி

"முன்கூட்டியே விண்ணப்பித்தால் வாய்ப்பு மூன்று மடங்கு" என்பது ஆலோசகர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் 2024 கணக்கைப் பார்த்தால் அது உண்மை போலவே தெரியும். மொத்தம் 48,881 விண்ணப்பங்களில் 2,521 பேருக்கு இடம், 5.2 சதவீதம். அதில், இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று ஒப்பந்தமிட்டு முன்கூட்டி விண்ணப்பித்தவர்கள் 6,251 பேர், இடம் பெற்றவர்கள் 898 பேர், 14.4 சதவீதம். பிந்தைய சுற்றில் 42,630 பேருக்கு 1,623 இடம், 3.8 சதவீதம். நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே பத்து சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம்.

ஆனால் அந்த 898இல் இருப்பவர்கள் யார்? அழைக்கப்பட்ட விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் முதல் சுற்றில்தான் வருவார்கள். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் அப்படியே. அக்டோபருக்குள் எல்லாத் தேர்வையும் முடித்து, கட்டுரைகளைச் செம்மைப்படுத்தி, கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கையெழுத்திடக்கூடிய வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான். அவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சும் சாதாரண விண்ணப்பதாரருக்கு 14 சதவீதம் வராது. அதற்காக முன்கூட்டி விண்ணப்பிப்பதில் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. நிச்சயம் வந்து சேர்வார் என்ற உறுதி கல்லூரிக்கு மதிப்புள்ள சரக்கு. அதற்கு ஓரளவு விலை கொடுக்கிறார்கள். மூன்று மடங்கு என்பது மிகை, கொஞ்சம் கூடுதல் என்பது என் கணிப்பு. அந்தக் கொஞ்சத்துக்கு மாணவர் கொடுக்கும் விலை, வேறு கல்லூரி தரக்கூடிய உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை.

பாடப்பிரிவைப் பொறுத்தும் வரிசை மாறும். ஹார்வர்டிலும் பிரவுனிலும் பொதுவாகச் சேர்ந்து பிறகு பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அப்படி இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் ஒட்டுமொத்த விகிதம் 40 சதவீதத்தை ஒட்டியிருக்கும். கணினி அறிவியலுக்கோ 10 சதவீதத்துக்கும் கீழே. "நாற்பது சதவீதம் இருக்கிறது, இது பத்திரமான கல்லூரி" என்று பட்டியலின் அடியில் போட்டுக் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பவர்கள், மார்ச் மாதத்தில் ஏன் இப்படி ஆனது என்று திகைத்து நிற்பார்கள்.

எங்கே பார்ப்பது

தன் வரிசையைக் கண்டுபிடிக்க ஆலோசகருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் "காமன் டேட்டா செட்" என்ற ஒரே மாதிரியான படிவத்தை நிரப்பித் தங்கள் தளத்தில் போடுகின்றன. அலங்காரமற்ற நீண்ட ஆவணம். கல்லூரியின் பெயரோடு இந்தப் பெயரைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். சேர்க்கைக் கணக்குகள் சி பகுதியில் இருக்கின்றன.

சி1இல் ஆண், பெண் வாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும். எம்.ஐ.டி.யில் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்திருக்கிறது. பிரவுனில் தலைகீழாக ஆண்களின் விகிதம் கூடுதல். அண்மை ஆண்டுகளின் படிவத்தில் வெளிநாட்டு மாணவர்களைத் தனியே காட்டும் வரியும் சேர்ந்திருக்கிறது. எல்லாக் கல்லூரிகளும் அதை நிரப்புவதில்லை. நிரப்பியிருந்தால் நமக்கு அந்த ஆவணத்திலேயே அதிகம் பயன்படும் வரி அதுதான்.

சி7 எந்தெந்த அம்சங்கள் எவ்வளவு முக்கியம் என்று கல்லூரியே குறியிடும் கட்டம். எம்.ஐ.டி. "மிக முக்கியம்" என்று குறித்திருப்பது ஒன்றே ஒன்றை: குணநலன். ஹார்வர்டு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் "கருத்தில் கொள்ளப்படும்" என்று ஒரே குறியைப் போட்டுவிட்டு நழுவிக்கொள்கிறது. வழக்கறிஞர் பார்த்துக் கொடுத்த பதில் போல இருக்கிறது.

சி9 எஸ்.ஏ.டி. வீச்சு. அதைப் படிப்பதில் ஒரு கண்ணி உண்டு. சேர்ந்தவர்களின் நடுப் பாதிப்பேர் 1,500 முதல் 1,580 வரை என்று போட்டிருந்தால், 1,510 வாங்கிய நம் மாணவர் "வீச்சுக்குள் இருக்கிறேன்" என்று மகிழ்வார். அந்தக் கீழ்க்கோட்டை ஒட்டி நிற்பவர்களில் அழைக்கப்பட்ட வீரர்களும், சலுகை வரிசையில் வந்தவர்களும், வசதியற்ற பள்ளிகளிலிருந்து எழுந்து வந்தவர்களும் கணிசம். பெருநகர ஆங்கிலப் பள்ளியில் படித்த, சலுகை ஏதும் இல்லாத இந்திய மாணவர் தன்னை மேல்கோட்டோடு ஒப்பிடுவதே நியாயம். அரசுப் பள்ளியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகும் மாணவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவருடைய 1,450ஐ எந்தச் சூழலில் வாங்கினார் என்று பார்த்தே படிப்பார்கள்.

இணையத்தில் இடம் கிடைத்தவர்கள் தாங்களே வெளியிடும் விவரங்களை வைத்து எடை போடுவது இதைவிட வழுக்கலான வழி. கிடைத்தவர்கள் விரும்பிச் சொல்கிறார்கள், கிடைக்காதவர்கள் மௌனமாகிவிடுகிறார்கள். கிடைத்தவரும் மதிப்பெண்ணைச் சொல்வார், பரிந்துரைக் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டார். அது அவருக்கே தெரியாது.

இருபது விண்ணப்பக் கணக்கு

கணிதம் படித்த வீடுகளில் ஒரு வாதம் எழும். ஒரு கல்லூரியில் வாய்ப்பு 5 சதவீதம் என்றால் கிடைக்காமல் போக 95 சதவீதம். இருபது கல்லூரிக்குப் போட்டால், 0.95ஐ இருபது முறை பெருக்க, எங்குமே கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு 36 சதவீதம்தான். ஆக, எங்காவது ஓரிடத்தில் கிடைக்க 64 சதவீதம்! பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையும் இருபதுதான். விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும்.

பெருக்கல் சரி. அதற்கு அடியில் உள்ள எண்ணம் தவறு. ஒரு முடிவு மற்றதைச் சாராமல் இருந்தால்தான் இப்படிப் பெருக்க முடியும். இங்கே இருபது கல்லூரிக்கும் போவது அதே மதிப்பெண் பட்டியல், அதே பொதுக் கட்டுரை, அதே இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள். கடிதம் "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்" என்று நம் பள்ளிகளின் வழக்கப்படி மூன்று வரியில் முடிந்திருந்தால், இருபது மேசையிலும் அது அதே மூன்று வரிதான். ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் ஒரே மாணவரைத் தேடிப் போவதும் இதனால்தான். சிலருக்கு நான்கைந்து இடங்களில் கிடைக்கிறது, பலருக்கு ஓரிடத்திலும் கிடைப்பதில்லை. இருபது என்பது அந்த 64இன் பக்கத்தில்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதோடு ஒவ்வொரு கல்லூரியும் கேட்கும் "ஏன் எங்கள் கல்லூரி" என்ற துணைக் கட்டுரையை இருபது முறை உருப்படியாக எழுதும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்படியானால் முதலில் சொன்ன 97 சதவீதம், 1,540 மாணவருக்கு என்ன பதில்? சலுகை இல்லை, வெளிநாட்டு வரிசை, கல்வியில் 2, பிற ஈடுபாடுகளில் 2க்கும் 3க்கும் இடையில் என்று வைத்துக்கொண்டால், ஹார்வர்டிலோ எம்.ஐ.டி.யிலோ நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குள் என்பேன். இது என் மதிப்பீடு. இதில் ஒரு புள்ளி கூடலாம், குறையலாம். இருபது, முப்பது என்று சொல்பவர் அந்த எண்ணை எங்கிருந்தும் எடுக்க முடியாது. ஆனால் இந்த மதிப்பீட்டைச் சொல்வதற்கு முன் நான் கேட்கும் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியது அல்ல. வீட்டில் எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான்.

காரணம் இது. வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமலே தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் அமெரிக்காவில் மிகச் சிலவே: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், 2022இல் இந்த முறைக்கு வந்த டார்ட்மவுத்தும் பௌடனும், 2025 சேர்க்கையிலிருந்து பிரவுன், இன்னும் ஒன்றிரண்டு. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல் எல்லாம் பார்க்கின்றன. அங்கே உதவி கேட்கும் வெளிநாட்டவருக்கும் கேட்காத வெளிநாட்டவருக்கும் தனித்தனி வரிசை. உதவிக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்தால் முதல் வரிசை அதோடு நிற்கும். எத்தனை வெளிநாட்டு மாணவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது காமன் டேட்டா செட்டின் எச்6 பிரிவில் இருக்கிறது. ஒரு கல்லூரியில் அந்த வரியில் ஐம்பது பேருக்கு என்று இருந்தால், அது நான்கு ஆண்டு மாணவர்களும் சேர்ந்த கணக்கு. ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்.

"முதலில் உதவி வேண்டாம் என்று போட்டு உள்ளே போய்விடலாம், பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்பது உறவினர்கள் தரும் யோசனை. ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டும் கேட்க முடியாது. இதே விதி வேறு கல்லூரிகளிலும் உண்டு. அங்கே ஓராண்டுச் செலவு 85,000 டாலரைத் தாண்டுகிறது. ஆகவே விண்ணப்பத்தில் "நிதியுதவி கோருகிறீர்களா" என்ற அந்தச் சிறு கட்டத்தில் ஆம் அல்லது இல்லை என்று குறிக்கும் முன், அப்பாவும் அம்மாவும் வங்கிக் கணக்கையும் கடன் வாங்கும் எல்லையையும் பிள்ளையின் முன்னால் எடுத்து வைத்துப் பேசியிருக்க வேண்டும். முன்கூட்டிய சுற்றுக்குக் கடைசி நாள் பல கல்லூரிகளில் நவம்பர் 1. அந்தப் பேச்சை அக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது.